குளத்தைக் குளமாகவும் பொட்டலைப் பொட்டலாகவும் விட்டுவைப்பது பற்றி

பாளையங்கோட்டையின் தெற்குப் புறநகரில் அண்மையில் குடியேறிய நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மேற்கே களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இருக்கும்போது, நகரத்தைச் சுற்றிக் காப்பதற்கென்று என்ன காட்டுயிர் மிஞ்சியிருக்கிறது என்பது முதல் கேள்வி. உங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பக்கத்துக் குளத்திலுள்ள முள்மரங்களை அகற்றி, குளத்தை ஆழப்படுத்தி, உள்ளே மரக்கன்றுகள் நட்டு, நான்கு புறமும் கரை எழுப்பி நடைபாதையும் விளக்கும் அமைக்க எண்ணியிருக்கிறது. அது நல்ல தொடக்கமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கு விடை பெரும்பாலும் தானே வந்துவிடும் என்பதால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்களாயின. 1988-இல் இரண்டையும் இணைத்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. சுமார் 895 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தக் காட்டின் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை; தாமிரபரணி கோடையிலும் வற்றாமல் ஓடுவதே அந்த மலைச்சோலைகள் மழையை உள்வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுவதால்தான். ஆனால் சோலைக்காட்டுச் சிங்கவால் குரங்கு சமவெளிக்கு இறங்கி வாழாது. சமவெளி நாரை சோலைக்காட்டுக்கு ஏறிக் கூடு கட்டாது. மலையில் உள்ளவற்றைக் காப்பதால் கீழே உள்ளவை காக்கப்பட்டுவிடுவதில்லை. நெல்லைச் சீமையின் சமவெளி உயிர்கள் மூன்று இடங்களை நம்பியிருக்கின்றன: குளம், ஆற்றங்கரை, முள்ளும் புல்லும் கலந்த பொட்டல். இந்த இடங்களில் பெரும்பாலானவை வருவாய்த் துறைப் பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்டிருப்பதில்லை. குளம் புறம்போக்கு, ஆறு புறம்போக்கு, தரிசு என்றே இருக்கும். காட்டை அழிப்பதற்குத் தயங்குகிற மனிதர்கள்கூடத் தரிசை நிரவுவதற்குத் தயங்குவதில்லை. இங்கே நேர்ந்திருக்கும் இழப்பில் பெரும்பகுதி இப்படி நேர்ந்ததுதான்.

கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரி வட்டத்தில் உள்ள அந்தப் பறவைகள் சரணாலயம் 1994-இல் அறிவிக்கப்பட்டது. 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் அரசாணை வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளைப் போலத்தான் நாரைகளைப் பார்க்கிறோம் என்பது அங்கே பலரும் சொல்லும் பேச்சு. தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் அவர்கள் தவிர்க்கிறார்கள். ஒரு சித்திரை மாதத்து நண்பகலில் அங்கே ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்றிருந்தேன். வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் மஞ்சள்மூக்கு நாரையின் கூடு. உள்ளே பஞ்சு போன்ற தூவியோடு மூன்று குஞ்சுகள். தாய்ப்பறவை வெயில் வரும் திசைக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு சிறகையும் பாதி விரித்துக் குஞ்சுகளின் மேல் நிழல் விழும்படி பிடித்திருந்தது. சூரியன் நகர நகர அதுவும் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டது. மரத்தடியில் ஓடுகளும் துணி துவைக்கும் கல்லும் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கிடந்தன. அழுகிய மீன் வாடை வீடு முழுக்க இருந்தது. அந்த வீட்டார் அதைப் பொறுத்துக்கொண்டு கீழே சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும் என்றாலும், அந்தப் பொறுமையை உரக்கணக்கு ஒன்றால் மட்டும் விளக்கிவிட முடியாது.

இனி, பலரும் கவனிக்கத் தவறும் செய்திக்கு வருகிறேன். சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 129 ஹெக்டேர்தான். அங்கே கூடு கட்டும் நாரைகளுக்கும் கரண்டிவாயன்களுக்கும் கூழைக்கடாக்களுக்கும் வேண்டிய மீன் முழுவதும் அந்த ஒரு குளத்தில் கிடைப்பதில்லை. பெற்றோர்ப் பறவைகள் விடிந்ததும் கிளம்பிச் சுற்றுவட்டாரக் குளங்களுக்கும் வயல்களுக்கும் பறந்துபோய் இரை கொண்டுவருகின்றன. கூந்தன்குளம் அவற்றின் பேறுகால அறை. அடுக்களை பல கிலோமீட்டர் தூரத்துக்குச் சிதறிக் கிடக்கிறது. அந்த அடுக்களையில் பெரும்பாலான குளங்களுக்குப் பாதுகாப்பு அறிவிப்புக் கிடையாது. இன்னொன்றும் உண்டு: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை, மாசியில் அவை கூட்டமாக முட்டையிடுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்போது குளங்களில் தண்ணீர் மெல்ல வடியத் தொடங்கும். மீன்கள் குறுகிய ஆழமற்ற நீரில் நெருங்கிச் சேரும். நாரை முழங்கால் அளவு நீரில் அலகைத் திறந்தபடி துழாவி நடந்தாலே மீன் அகப்பட்டுவிடும். குஞ்சுகளுக்குப் பசி மிகும் மாதங்களும் குளம் வடியும் மாதங்களும் இப்படிப் பொருந்தி வருகின்றன. மீன் குத்தகைக்காரர் ஒரே வாரத்தில் இயந்திரம் வைத்து நீரை இறைத்துவிட்டால் அந்தப் பொருத்தம் முறிந்துபோகும். மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வராமல் போகும் ஆண்டில் கூடு கட்டுவதே நடைபெறாமல் போகலாம். ஆகவே இந்தப் பறவைகளின் வாழ்வு நீர்வளத் துறையின் மதகிலும் உழவரின் மடையிலும் இருக்கிறது.

ஊரார் பறவைகளைக் காப்பதற்குத் திருப்புடைமருதூர் இன்னொரு சான்று. கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தருகே, நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நீர்ப்பறவைகள் அடைகின்றன. அந்த இடம் 2005-இல் இந்தியாவின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு வெறும் 2.84 ஹெக்டேர். வேலி போட்டு மனிதரை வெளியேற்றாமல், ஊரார் தாமே காக்கும் இடத்துக்குச் சட்டத்தின் துணையைக் கொடுப்பது என்ற முறை நம் மாவட்டத்தில்தான் நாட்டிலேயே முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது என்பதை நெல்லைக்காரர்களே பலர் அறியாதிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது உங்கள் குளத்துக்கு வருவோம். பாளையங்கால்வாய் பழவூர் அணைக்கட்டில் பிரிந்து, வழிநெடுகக் குளங்களை நிரப்பிக்கொண்டு போகிறது. இப்படிப்பட்ட பாசனக் குளம் கிண்ணம் போல இருப்பதில்லை. அதற்குக் கரை தாழ்ந்த பக்கத்தில் மட்டுமே உண்டு. கரையடியில் ஆழம் அதிகம். அங்கிருந்து உள்வாய் நோக்கிப் போகப் போகத் தரை மெல்ல ஏறி, கடைசியில் கணுக்கால் நீராகி, சேறாகி, புல்தரையாகி மேட்டுநிலத்தோடு கலந்துவிடும். அந்தத் திறந்த பக்கத்தின் வழியாகத்தான் மழைநீர் உள்ளே வருகிறது. பறவைகள் இந்தச் சரிவை அங்குலம் அங்குலமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன: ஈரமணலில் ஆள்காட்டியும் உள்ளானும், மடைவாயில் மடையான், முழங்கால் நீரில் நாரையும் அரிவாள்மூக்கனும், ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும். நீர் வடிய வடிய நீர்விளிம்பு வாரந்தோறும் இறங்கிக்கொண்டே போவதால், ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சேறு வெளிப்படுகிறது. அதில் புதிதாகப் புழு பூச்சிகள் கிடைக்கின்றன. நீங்கள் ஜேசிபி வைத்துக் குளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டினால், தண்ணீர் கூடுதலாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் சரிவு போய்விடும். சரிவு போனால் முக்குளிப்பானைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலானவை போய்விடும். நான்கு புறமும் கரை எழுப்பினால் இதைவிடக் கேடு: தண்ணீர் வரும் வாசலையே சுவர் வைத்து அடைத்தவர்கள் ஆவீர்கள். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அந்த வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய ஓடைகளையும் உள்வாய்களையும் தேடிக்கொண்டு வந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில்தான் நம் புதிய பேருந்து நிலையம் நிற்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூர் வாருவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. குளத்தடியில் படியும் வண்டலான கரம்பை மண்ணை அள்ளி வயலுக்கு அடிப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். குளத்துக்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. கரையடியை ஒட்டியும் மடைக்கு முன்னும் அள்ளுங்கள்; உள்வாயைத் தொடாதீர்கள்; நடுவே திட்டுகள் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். நடைபாதை வேண்டுமானால் இருக்கிற கரையின் மேல் மண்பாதையாகவே இருக்கட்டும். விளக்கு வேண்டாம். இரவில் மீன் பிடிக்கும் வக்காவுக்கும் கரையோரத்தில் அடையும் கொக்குகளுக்கும் இருட்டு தேவை.

முள்மரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பெரிய பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. சீமைக்கருவேலத்தை அகற்றுமாறு 2017-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதற்குப் பிறகு, முள் இருக்கிற மரமெல்லாம் பகை என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் மூன்று மரங்களைப் பிரித்தறிய வேண்டும். சீமை உடை என்று நம் பக்கத்தில் சொல்லப்படும் சீமைக்கருவேலத்தின் பூ வெளிர்மஞ்சள் நிறத்தில் கதிர் போல நீண்டிருக்கும். காய் மஞ்சளாக, ஏறக்குறைய நேராக இருக்கும். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்தாற்போல ஒவ்வொரு விதைக்கும் இடையே இடுங்கியிருக்கும். உடைமரம் குடை விரித்தாற்போலத் தலை பரந்து நிற்கும், முள் வெள்ளையாக இருக்கும், காய் சுருண்டிருக்கும். பின்னவை இரண்டும் இந்த மண்ணின் மரங்கள். குளத்துக்குள் தண்ணீர் சூழ நிற்கும் நாட்டுக்கருவேலந்தான் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் பாதுகாப்பான கூட்டுமரம். பூனையும் நாயும் அங்கே ஏற முடியாது. ஆகவே ஆட்களை அழைப்பதற்கு முன், மரம் அறிந்த ஒருவரோடு நடந்துபோய், வெட்டக் கூடாத மரங்களுக்குச் சாயம் அடித்து அடையாளம் இடுங்கள். சீமைக்கருவேலத்திலேயே கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும் வரை பொறுத்திருங்கள். வெட்டினால் தூரோடு எடுங்கள். அடிமரத்தை விட்டுவைத்தால் இரண்டு மழைக்குள் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்துவிடும். குளத்துக்குள் புதிதாக மரக்கன்று எதுவும் நட வேண்டாம்.

மரம் நடுவதே காட்டுயிருக்குச் செய்யும் தொண்டு என்ற நம்பிக்கை பொட்டல்களுக்கு இன்னும் பெரிய தீங்கு செய்கிறது. தூத்துக்குடிச் சாலையில் நகரத்துக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் வல்லநாடு இருக்கிறது. அங்கே 1987-இல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயத்தின் பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். நாட்டில் இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் தென்கோடியில் இருப்பது அதுதான். வெளிமான் கண்ணையும் காலையும் நம்பி வாழும் விலங்கு. தூரத்திலேயே பகையைக் கண்டுகொண்டு ஓடித் தப்பிப்பது அதன் வழி. திறந்த வெளி அடைபட்டால் அதற்குக் கண்ணும் பயன்படாது, காலும் பயன்படாது. அங்கே மரம் நட்டு நிழல் செய்வது வெளிமானைத் துரத்துவதற்கே ஒப்பாகும். முயல், காடை, கௌதாரி, உடும்பு, கீரி, நரி ஆகியவையும் வெறுந்தரையில் முட்டையிடும் ஆள்காட்டியும் இதே பொட்டல்களில்தான் வாழ்கின்றன. நகரத்தின் புதிய வீட்டுமனைகளும் சூரிய மின்பலகைத் திடல்களும் கல்குவாரிகளும் முதலில் தேடிவருவது இந்த நிலத்தைத்தான், ஏனென்றால் இதை இழந்ததாக யாரும் கணக்கு வைப்பதில்லை.

நகரத்துக்கு வடக்கே கங்கைகொண்டானில் புள்ளிமான்கள் வாழும் சுமார் 288 ஹெக்டேர் நிலம் 2013-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அருகிலேயே நான்குவழிச் சாலையும் ரயில் பாதையும் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் தேடி வெளியே வரும் மான்கள் வண்டியில் அடிபடுகின்றன, தெருநாய்களாலும் கடிபடுகின்றன. சாலையோரம் கொட்டப்படும் இறைச்சிக் கழிவுதான் நாய்க்கூட்டத்தை அங்கே நிலைக்கச் செய்கிறது என்பது என் மதிப்பீடு. கழிவைச் சரியான இடத்தில் சேர்ப்பதும் மான்களுக்குச் செய்யும் உதவியே.

ஆற்றைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே மிகத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். குறுக்குத்துறைப் பக்கம் விடியற்காலையில் போனால், மருத மரங்களின் வேர்கள் கரையை விரல்களால் பற்றியிருப்பதைப் போல இறங்கியிருப்பதைக் காண்பீர்கள். ஒருமுறை அதற்கு மேற்கே ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு துறையில், ஆற்றின் நடுவே இருந்த பாறை மேல் கரிய எச்சம் கிடந்தது. குச்சியால் பிரித்துப் பார்த்தேன்: முழுவதும் மீன்செதிள்களும் நண்டு ஓட்டின் துணுக்குகளும். நீர்நாய் அங்கே வந்து, தன் எல்லையைக் குறித்துவிட்டுப் போயிருந்தது. அந்த இடத்துக்கும் நகரத்தின் சாக்கடை ஆற்றில் கலக்கும் இடத்துக்கும் நடுவே அதிகத் தூரமில்லை. ஆற்றில், நீர்மேல் மிதந்து பரவும் களைச்செடியான அமலை படர்ந்திருப்பதைப் பார்த்து அதை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அமலை செழிப்பது கழிவுநீரின் சத்தால். கழிவுநீர் நிற்காதவரை அமலையும் நிற்காது. பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விடப்படும் துணிகள் டன் கணக்கில் அள்ளப்படுகின்றன. அவை வேர்களிலும் பாறை இடுக்குகளிலும் சுற்றிக்கொண்டு மீனின் மறைவிடங்களை அடைக்கின்றன. உங்கள் வீட்டாரோ உறவினரோ அங்கே போகும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள். தாமிரபரணியைப் புண்ணிய நதியென்று நம்புகிறவர்களிடம் இதைச் சொல்வது கடினமல்ல என்பது என் அனுபவம்.

உழவர்களை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. மயில் நெற்கதிரைக் கொத்துவதும் பன்றி வாழையைச் சாய்ப்பதும் அவர்களுக்கு உண்மையான இழப்பு. நகரத்தில் இருந்துகொண்டு அவர்களுக்கு அறிவுரை சொல்வது முறையாகாது. கார், பிசானம் என்று இரண்டு பருவமும் வயல் நெல்வயலாக இருப்பதால்தான் குளம் குளமாக இருக்கிறது. மடையைத் திறக்கவும், மிகுநீர் வழிந்தோடும் மறுகாலைச் சீர்செய்யவும் ஆள் இருக்கிறார்கள். குளத்து நீர் பாயும் வயல்பரப்பாகிய ஆயக்கட்டு வீட்டுமனையாகிவிட்டால் குளத்துக்குக் கேட்பாரில்லை. அடுத்த பத்தாண்டில் குளமும் மனையாகும். ஆகவே உங்கள் சங்கம் முதலில் பேச வேண்டியது குளத்துப் பாசன விவசாயிகளோடு, ஒப்பந்தக்காரரோடு அல்ல.

நடைமுறையில் இதைச் செய்யுங்கள். குளத்தின் புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிந்து, புலப்படத்தின் நகலை வாங்கி, கரை, உள்வாய், வரத்துக்கால், மறுகால் ஆகியவற்றின் எல்லைகளை நடந்துபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் குளம் பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மனுவை யாரிடம் கொடுப்பது என்பதே இதைப் பொறுத்தது. தவறான அலுவலகத்தில் கொடுத்து ஓராண்டை இழந்த பட்டறிவில் சொல்கிறேன். நீர்வளத் துறையின் குளத்தில் ஆக்கிரமிப்பு இருந்தால், 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைச் சுட்டிக் காட்டித் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி எல்லைக்குள் குளம் இருந்தால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். மீன் குத்தகை ஏலத்துக்கு முன்னரே, கோடையில் ஓரளவு தண்ணீரை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக் கூடாது என்றும் நிபந்தனை சேர்க்கக் கேளுங்கள். அந்தக் கெளுத்தி மற்ற மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் இதை நடத்தி வருகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் விவசாயிகளும் கலந்துகொள்கிறார்கள், முன் அனுபவம் தேவையில்லை. உங்கள் சங்கத்திலிருந்து நான்கு பேர் ஒருமுறை போய் வந்தால், அலுவலகங்களில் பேசுவதற்கு வேண்டிய பெயர்களும் எண்ணிக்கைகளும் உங்கள் கையில் இருக்கும். எங்கள் பகுதிக் குளம் ஒன்றில் உள்வாயை மண்ணடித்து மேடாக்கும் வேலை நின்றதற்கு, ஐந்து ஆண்டுகளாகத் தேதி வாரியாக எழுதி வைத்திருந்த ஒரு பறவைக் குறிப்பேடும் ஒரு காரணம்.

இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பி மறுகால் பாயும் நாளைக் குறித்து வையுங்கள். அன்று காலையில் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரின் பின்னாலேயே நடந்து போங்கள். எந்த ஓடையில் விழுகிறது, எங்கே சாலை மறிக்கிறது, எங்கே மனைக்கல் நட்டிருக்கிறார்கள், அடுத்த குளத்துக்குப் போய்ச் சேருகிறதா இல்லையா என்று பார்த்து எழுதுங்கள். மரக்கன்றுக்கும் விளக்குக்கும் ஒதுக்கிய பணம் அந்த அடைப்புகளை நீக்குவதற்குத் தேவைப்படும்.